அறுபத்து மூன்று பேருக்குப் போன செய்தி

என் குருவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு.

பெயர் ஜெபராணி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். பிரிவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக் கிடங்குக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஓர் அறை, இரண்டு மேசை, ஓயாமல் இரைகிற ஒரு ஏ.சி., அப்புறம் ஜெபராணி.

எனக்கு அப்போது நாற்பத்தொன்று. பதினோரு வருஷம் கூரியர் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவள். ஆபீஸை மூடிவிட்டார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் தபால் வழியில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். கடைசி செமஸ்டரில் ஆறு வாரம் எங்காவது வேலைப் பயிற்சிக்குப் போய், 'திருப்திகரம்' என்று எழுதி வாங்கிவர வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

ஏழு இடத்தில் போய் நின்றேன். ஏழு இடத்திலும், "பயிற்சி யாருக்கு, உங்க பிள்ளைக்கா?" என்று கேட்டார்கள். எனக்கு என்றதும் சிரித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எட்டாவது இடத்தில் ஜெபராணி என் விண்ணப்பத்தை வாசித்தார். வயதைக் கேட்கவில்லை.

"முப்பிடாதியக்கா, திங்கக்கெழம வந்துருங்க" என்றார்.

நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். ஆறு வாரமும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் நாள் நான் நோட்டும் பேனாவுமாகப் போய், "மொதல்ல எதக் கத்துக்கணும் மேடம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை வெளிநோயாளிகள் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானம்தான் வந்தார்.

"என்ன பாத்திய?"

"ஒண்ணும் வெளங்கல மேடம். எல்லாரும் கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்காவ. டோக்கன் நம்பர் மேல போர்டுல ஓடுது. ஒருத்தருக்கும் அது தெரியல. பக்கத்துல உள்ளவங்கள கேக்காவ. அவங்களுக்கும் தெரியல."

ஜெபராணி போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"நாலு மாசத்துக்கு முன்னால நாந்தான் அத மாட்டுனேன்" என்றார். "பெருமையா போட்டோல்லாம் எடுத்தேன்."

மறுநாளிலிருந்து நம்பரைக் குரலில் கூப்பிட ஏற்பாடு செய்தார். அதில் பாதி வேலையை எனக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில், நான் ஏற்பாடு செய்த குரல், "டோக்கன் நாப்பத்தேழு" என்று கூப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒரு தாத்தா எழுந்து போனார். அவ்வளவுதான். ஆனாலும் கலங்கியது.

இரண்டு வாரம் இப்படி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை நான் அந்த வேலையைப் பார்த்தேன்.

நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் எங்களிடம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று நிஜம். இன்னொன்று ஒத்திகை. நிஜத்தில் இருக்கும் நோயாளிகளின் பெயரும் நம்பரும் அப்படியே ஒத்திகையிலும் இருக்கும். ஆனால் ஒத்திகையில் யாருக்கு அனுப்பினாலும் அந்தச் செய்தி மேடத்தின் போனுக்குத்தான் வரும். இரண்டும் ஒரே நீல நிறம். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

அன்றைக்குக் காலையில் மேடம், "ஆபரேசன் ரத்துங்கிற மெசேஜுல தமிழ மாத்திருக்கேன். ஒத்திகைல ஒருக்கா அனுப்பிப் பாத்துருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, போனை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு, மாடியில் ஆபரேஷன் தியேட்டர் பிரிண்டரைச் சரிபார்க்கப் போனார்.

நான் மறுநாள் ஆபரேஷன் பட்டியலைத் தேர்ந்தெடுத்தேன். அழுத்தினேன். திரையில், '63 செய்திகள் அனுப்பப்பட்டன' என்று வந்தது.

மேடத்தின் போனைப் பார்த்தேன். அது பேசாமல் கிடந்தது.

நெட்வொர்க் மெதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கீழே வரவேற்பில் போன் அடித்தது. அது அடித்து முடிவதற்குள் பக்கத்துப் போன் அடித்தது. பிறகு மூன்றாவது. திரையின் மூலையில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன். நிஜம் என்று இருந்தது.

மறுநாள் கண்புரை ஆபரேஷனுக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டிய அறுபத்து மூன்று பேருக்கு, ஆபரேஷன் ரத்து என்று நான் செய்தி அனுப்பியிருந்தேன்.

மாடிக்கு ஓடினேன்.

"மேடம், நான் நிஜத்துல அழுத்திட்டேன்."

அவர் கையில் இருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார்.

"எத்தன பேரு?"

"அறுவத்து மூணு."

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு அஞ்சுக்கு."

"வாங்க."

அவ்வளவுதான் கேட்டார். கீழே வந்து, 'முந்தைய செய்தி தவறு. ஆபரேஷன் நாளை உண்டு. இன்று மாலை ஐந்துக்குள் வரவும்' என்று தட்டி, அதே அறுபத்து மூன்று பேருக்கும் அனுப்பினார். எனக்கு மூச்சு வந்தது.

"அப்ப சரியாயிட்டா மேடம்?"

"இவங்க அத்தன பேருக்கும் என்ன நோவு?"

"கண்புரை."

"மெசேஜ யாரு வாசிப்பா?"

நான் திரையில் இருந்த பெயர்களைப் பார்த்தேன்.

"மகன் வாசிச்சிருப்பான்" என்றார். "எம்மா, நாளைக்கு ஆபரேசன் கெடையாதாம்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிருப்பான். அடுத்த மெசேஜ அவன் எப்பப் பாக்கப் போறானோ."

பட்டியலை அச்செடுத்தார். ஸ்கேலை வைத்து இரண்டாகக் கிழித்தார்.

"எனக்கு முப்பத்தொண்ணு. உங்களுக்கு முப்பத்திரெண்டு."

"எனக்கு ஒண்ணு கூட வருதே மேடம்."

"அழுத்துனது நீங்கல்லா."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அதற்காகத்தான் சொன்னாரோ என்னவோ.

முதல் போன் நாங்குநேரிக்கு. "ஆஸ்பத்திரிலேருந்து பேசுதோம். சிஸ்டத்துல ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிட்டு" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒரு அம்மாள், "எந்த சிஸ்டம்? நீங்க யாரு? ஆபரேசன் உண்டா இல்லையா? ஆள மாத்தி ஆள் என்னத்தையாவது சொல்லுதிய" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டார்.

ஜெபராணி தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டமா இப்ப போன் பண்ணுது?"

"இல்ல மேடம்."

"யாரு பண்ணுதான்னு சொல்லுங்க."

திரும்பவும் அதே நம்பருக்கு அடித்தேன்.

"எம்மா, எம் பேரு முப்பிடாதி. காலைல வந்த மெசேஜ நாந்தான் தப்பா அனுப்பிட்டேன். ஆபரேசன் நாளைக்கு உண்டு. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க."

"அப்படிச் சொல்லு" என்றார் அந்த அம்மாள். "கெளம்புதேன்."

அதற்குப் பிறகு எல்லாரிடமும் அதையேதான் சொன்னேன். எம் பேரு முப்பிடாதி, நாந்தான் தப்பா அனுப்பிட்டேன். முதல் ஐந்து பேரிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது.

வள்ளியூரில் ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். முழுக்கக் கேட்டுக்கொண்டேன். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் பஸ் ஏறி, செய்தியைக் கேட்டுப் பாதி வழியில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். "இப்ப அடுத்த பஸ்ஸுக்கு நிக்கணுமா? நல்லா இருக்கு போ" என்றார். ஆனால் வந்துவிட்டார். சங்கரன்கோவில் அம்மாள் ஒருத்தி, "ரத்துன்னதும் எம்புட்டு சந்தோசமா இருந்தேன் தெரியுமா? மறுபடி பயங்காட்டிட்டியே தாயி" என்று அழுதாள். அவளிடம் பத்து நிமிஷம் பேச வேண்டியிருந்தது. மேடம் அவசரப்படுத்தவில்லை.

இரண்டரை மணிக்கு மேடத்தின் பாதி முடிந்தது. என் பாதியில் ஒருவர் மட்டும் மிச்சம். மாசானமுத்து, வயது அறுபத்தெட்டு, திசையன்விளைப் பக்கம் ஒரு சின்ன ஊர். எட்டுத் தடவை அடித்தேன். போன் அணைந்தே கிடந்தது.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஒருத்தர்தான் மேடம். வரலன்னா அடுத்த வாரம் தேதி குடுத்துருவாவல்லா?"

ஜெபராணி மாசானமுத்துவின் கோப்பைத் திறந்து, திரையை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

வலது கண் முன்பே அடிபட்டுப் போனது. இருக்கிறது இடது கண் ஒன்றுதான். இரண்டு மாதமாக மாத்திரை போட்டுச் சர்க்கரையைக் குறைத்து, அப்புறம்தான் இந்தத் தேதியைக் கொடுத்திருந்தார்கள். 'தாமதிக்க வேண்டாம்' என்று டாக்டர் எழுதியிருந்தார்.

நான் வாசித்தேன். வெட்கமாக இருந்தது. அறுபத்து இரண்டு பேரிடம் பேசியாகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நிம்மதிப்பட்டேனே, அதை நினைத்துத்தான் ரொம்ப வெட்கமாக இருந்தது.

"அக்கா, கூரியர் ஆபீஸ்ல வீடு பூட்டிக் கெடந்தா என்ன செய்விய?"

"பக்கத்து வீட்டுல குடுப்போம்."

"இவருக்குப் பக்கத்து வீடு யாரு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

குடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பழைய நோயாளிகளில் அந்த ஊர்க்காரர்களை மட்டும் தேடினேன். நான்கு பேர் இருந்தார்கள். முதல் இரண்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது அன்னத்தாய். தை மாதம் ஆபரேஷன் செய்துகொண்டவர்.

"எம்மா, உங்க ஊர்ல மாசானமுத்துன்னு..."

"மாசானமா? எங்க வீட்டுக்கு மேக்க நாலாவது வீடு. இப்ப ஆளு இருக்காதே. ஆபரேசன் இல்லன்னுட்டு ஆட்டப் பத்திக்கிட்டு தேரிக்காட்டுக்குப் போயிருக்கும்."

விஷயத்தைச் சொன்னேன். எம் பேரு முப்பிடாதி என்பதில் ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன்.

"நீ போன வையி. மருமவன வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லுதேன்" என்றார். வைப்பதற்கு முன்னால், "இந்தா பாரு, இப்ப நானே ஊசில நூலு கோக்கேன். டாக்டர்ட்ட சொல்லிரு" என்றார்.

நாலு மணியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். நான் வாசலில் பட்டியலோடு நின்று ஒவ்வொரு பெயராக டிக் அடித்தேன். ஐந்து மணிக்கு அறுபத்து இரண்டு டிக். அந்த ஒரு பெயருக்கு எதிரே மட்டும் காலி. வார்டு சிஸ்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "கட்டில் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். ஆறு மணி வரைக்கும் பாப்பேன்" என்றார்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு வண்டி உள்ளே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவரின் காலெல்லாம் தேரிக்காட்டுச் செம்மண்.

"யாரு முப்பிடாதி?" என்று அதட்டலாகக் கேட்டார்.

"நாந்தான் ஐயா."

"ரெண்டு ஆடு இன்னும் காட்டுல நிக்கு. அதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் கையைப் பிடித்து வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் கால் வைக்கும்போது என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆட்டைப் பற்றிக் கட்டில் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

திரும்பி அறைக்கு வந்தபோது ஜெபராணி போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரி கோமதிநாயகம் சார். குரல் எனக்கே கேட்டது.

"யாரு செஞ்சான்னு பேரோட ரிப்போர்ட் காலைல என் டேபிள்ல இருக்கணும். பயிற்சிக்கு வந்த அம்மாவா இருந்தா நாளையோட நிப்பாட்டிருங்க."

"ரிப்போர்ட் தாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

நான் என் பையை எடுத்தேன். நோட்டை உள்ளே வைத்தேன். அந்த வருஷம் பட்டம் இல்லை என்பது முடிவாகிவிட்டது. இனி ஒன்பதாவது இடம் எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"எம் மேல உங்களுக்குக் கோவமே வரலயா?"

"வந்துச்சு" என்றார். "பதினொண்ணு பத்துக்கு. அப்புறம் போன் பண்ண ஆரம்பிச்சிட்டோம்லா, நேரம் இல்லாமப் போச்சு."

பையைத் தோளில் மாட்டினேன்.

"காலைல எட்டரைக்கு வந்துருங்க" என்றார். "சார பாக்கப் போகும்போது நீங்களும் வரணும்."

மறுநாள் மத்தியானத்துக்குள் அறுபத்து மூன்று பேருக்கும் ஆபரேஷன் நடந்து முடிந்தது. மாசானமுத்துவுக்கு ஒன்பதாவதாக நடந்தது. அதற்கெல்லாம் முன்னால், காலை ஒன்பது மணிக்கு, நாங்கள் கோமதிநாயகம் சார் அறையில் நின்றோம்.

ரிப்போர்ட் ஒரே ஒரு பக்கம். அவர் வாசித்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நானும் தலைகீழாக வாசித்தேன். நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்று முதலில் இருந்தது. அதன் கீழே, நிஜமும் ஒத்திகையும் ஒரே நிறத்தில் வைக்கப்பட்டிருந்தன என்று இருந்தது. ஒத்திகைப் பிரதியில் உண்மையான நோயாளிகளின் பெயர்கள் இருந்தன. பலருக்குச் சேர்த்து அனுப்பும்போது, அனுப்பலாமா என்று மென்பொருள் இரண்டாம் முறை கேட்கவில்லை. பொறுப்பாளர், தான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இந்த வேலையைக் கொடுத்திருந்தார். அப்புறம், ஒத்திகைத் திரை நேற்றே மஞ்சளாக மாற்றப்பட்டது. மற்றவை இந்த வாரத்துக்குள் முடியும். கடைசி வரி: பயிற்சியில் இருப்பவர் மீதி மூன்று வாரமும் பொறுப்பாளர் பக்கத்தில் இருக்க, நிஜத் திரையிலேயே வேலை பார்ப்பார்.

என் பெயர் எங்கும் இல்லை.

கோமதிநாயகம் சார் தாளைப் பின்னால் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"பேரு எங்கம்மா?"

ஜெபராணி வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நாந்தான் சார். முப்பிடாதி. நாந்தான் பாக்காம அழுத்துனேன். மேடத்து மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப அத எழுத வேண்டியதுதான?" என்று அவர் ஜெபராணியைக் கேட்டார்.

"சொல்ல வேண்டியவங்கள்ட்ட அக்கா சொல்லிட்டாவ சார்" என்றார் ஜெபராணி. "நேத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, தன் பேரச் சொல்லி, நாந்தான் செஞ்சேன்னு சொன்னாவ. வாங்குன ஏச்சுக்குக் கணக்கில்ல. அறுவத்து மூணு கட்டிலும் நெறஞ்சிருக்கு. வேணும்னா வார்டுல போய்ப் பாருங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார். இந்தத் தடவை மெதுவாக வாசித்தார். மஞ்சள் நிறம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்தால்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. இன்றைக்கு நான் வேலை பார்க்கிற இடத்தில் என் பெயருக்கு ஒரு மேசை இருக்கிறது என்றால் அதனால்தான். அப்போது அதெல்லாம் தோன்றவில்லை.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கோமதிநாயகம் சார் கேட்டார். இப்போது குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இருந்தாலும் ஒரு பேரு எழுதுறதுல என்னம்மா கொறஞ்சிரும்? ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிஞ்சதுதான?"

ஜெபராணி தாளை வாங்கி மடிக்காமல் கோப்பில் வைத்தார்.

"இது நமக்கு இல்ல சார். நாளைக்கு அக்கா சேர்ல வந்து உக்காரப் போறவங்களுக்கு. இவங்க பேரு இருந்தா, அந்தம்மா சரியில்ல, நம்ம அப்படி இல்லன்னு நெனச்சுக்கிட்டு கோப்ப மூடி வச்சிருவாவ."